வாக்கும் எண்ணும் முறையும்: சிதறி வாழும் சிறுபான்மையினர் நோக்கில் சில தேர்தல் முறைகளின் ஒப்பீடு

தமிழர்தம் ஆட்சி முறையைப் பற்றிப் பேசும் மேடைகளில் உத்திரமேரூர்க் கல்வெட்டு இடம்பெறாமல் போவது அரிது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகளைச் சான்றாகக் காட்டி, இன்றைய வாக்குப்பெட்டிக்குத் தமிழரின் குடமே முன்னோடி என நம் மாணவர்களுக்குச் சொல்லிவருகின்றோம். பெருமை கொள்ளத்தக்க செய்திதான். ஆயினும் அக்கல்வெட்டு கூறுவது வாக்களிப்பு அன்று என்பதை நாம் பெரும்பாலும் கருத்திற்கொள்வதில்லை.

உத்திரமேரூர்ச் சபை முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலை நறுக்குகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. விவரம் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலை எடுக்கப்பட்டது. இவ்வாறு தேர்வான முப்பதின்மருள் பன்னிருவர் ஆட்டை வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் அமர்த்தப்பட்டனர். கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்ட அகவை, வேதக் கல்வி ஆகியன தகுதிகள். அண்மை மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தோரும், கணக்குக் காட்டாதோரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். பிராமணர் சபையொன்றின் நடைமுறை இது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இங்கு எவரும் எவருக்கும் வாக்களிக்கவில்லை, நடந்தது திருவுளச்சீட்டு. மருதன் இளநாகனார் பாடிய அகநானூற்று 77ஆம் பாடலில் உவமையாக வரும் குழிசி ஓலையும் குடத்திலிருந்து ஓலை எடுப்பதையே சுட்டுகின்றது. அங்கும் வாக்கெண்ணிக்கை பேசப்படவில்லை.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. குடவோலையில் பெரும்பான்மை, சிறுபான்மை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஐந்தில் ஒரு பங்காக உள்ள ஒரு குழுவுக்கு நெடுங்கால அளவில் ஐந்தில் ஒரு பங்கு இடம் கிடைக்கும். குடம் யார் பக்கமும் சாய்வதில்லை. வாக்களிப்பு அத்தகையது அன்று. வாக்குகளை எவ்வாறு எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து, அதே ஐந்தில் ஒரு பங்கினர் முழுமையாக மறைந்துபோகவும் கூடும், தமக்குரிய இடத்தைப் பெறவும் கூடும். மலேசிய மக்கள்தொகையில் ஏறக்குறைய 7 விழுக்காட்டினராகவும், எந்த ஒரு நாடாளுமன்றத் தொகுதியிலும் பெரும்பான்மை இல்லாதவராகவும் வாழும் இந்தியர்களுக்கு இது வாழ்வியல் சார்ந்த வினாவாகும். எனினும் நம்மிடையே நிகழும் தேர்தல் உரையாடல்கள் எந்தக் கட்சி, எந்த வேட்பாளர், எத்தனை தொகுதி என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. எண்ணும் முறையை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி.

ஒருவரைத் தெரிவு செய்தல்

முதலில் ஒரே ஓர் இடத்துக்கு நடைபெறும் தேர்தலை எடுத்துக்கொள்வோம். பிரிக்பீல்ட்சில் நூறு உறுப்பினர்களைக் கொண்ட ஒரு வாசகர் சங்கம் தன் தலைவரைத் தெரிவு செய்கின்றது எனக் கொள்வோம். போட்டியிடுவோர் பாரி, ஓரி, நள்ளி ஆகிய மூவர். வள்ளல்கள் நம்மைப் பொறுத்தருள்வாராக. நாற்பது உறுப்பினர்கள் முதலில் பாரியையும் அடுத்து ஓரியையும் கடைசியில் நள்ளியையும் விரும்புகின்றனர். முப்பத்தைந்து பேர் நள்ளி, ஓரி, பாரி என்ற வரிசையில் விரும்புகின்றனர். எஞ்சிய இருபத்தைந்து பேருக்கு ஓரியே முதல்வர். அவர்களுள் பதினெண்மர் நள்ளியையும் எழுவர் பாரியையும் இரண்டாமிடத்தில் வைக்கின்றனர்.

மலேசியாவிலும் இந்திய மக்களவைத் தேர்தலிலும் பின்பற்றப்படும் எளிய பெரும்பான்மை முறையில் பாரி 40 வாக்குகளுடன் வெல்வார். நூற்றில் அறுபது பேர் அவரை விரும்பவில்லை என்பது அம்முறையின் கண்ணுக்குத் தெரியாது. ஆஸ்திரேலியா தன் கீழவைத் தேர்தலுக்கு 1918 முதல் கையாண்டுவரும் விருப்பவரிசை முறையில், எவரும் பாதிக்கு மேல் பெறாத நிலையில் கடைசியில் உள்ள ஓரி நீக்கப்பட்டு, அவருடைய வாக்குகள் இரண்டாம் விருப்பத்தின்படி பகிரப்படும். நள்ளி 53, பாரி 47, நள்ளி தலைவர். இருவர் இருவராக நிறுத்தி ஒப்பிட்டால் என்னவாகும்? ஓரியும் பாரியும் மட்டும் நின்றால் ஓரிக்கு 60. ஓரியும் நள்ளியும் மட்டும் நின்றால் ஓரிக்கு 65. தனித்தனிப் போட்டியில் எவராலும் வெல்லமுடியாதவர், முந்திய முறையில் முதலாவதாக வெளியேற்றப்பட்ட ஓரிதான். இவ்வொப்பீட்டு முறையைப் பிரெஞ்சு அறிஞர் கொண்டார்செ 1785இல் விளக்கினார். அவர் காலத்தவரான போர்டா முன்வைத்த மதிப்பெண் முறையில் முதலிடத்துக்கு 2, இரண்டாமிடத்துக்கு 1 என வழங்கினாலும் ஓரி 125, நள்ளி 88, பாரி 87 என்றே வரும்.

உறுப்பினர்கள் மாறவில்லை, அவர்தம் விருப்பங்களும் மாறவில்லை. எண்ணும் முறை மாறியதால் தலைவர் மும்முறை மாறியிருக்கின்றார். இது தாளில் மட்டும் நிகழும் வித்தை அன்று. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்துப் பர்லிங்டன் நகரில் 2009இல் நடைபெற்ற மேயர் தேர்தலில், முதல் விருப்ப வாக்குகளில் முன்னணியில் நின்றவர் ஒருவர், விருப்பவரிசை முறையில் வென்றவர் மற்றொருவர், இருவர் ஒப்பீட்டில் எவரிடமும் தோற்காதவர் மூன்றாமவர். மறு ஆண்டே அந்நகரம் அம்முறையைக் கைவிட்டது. சில காலம் கழித்து மீண்டும் அதனை நாடியது என்பது வேறு கதை.

குறையே இல்லாத முறை ஒன்று உண்டா என்னும் வினாவுக்குக் கென்னத் ஆரோ 1951இல் விடையளித்துவிட்டார். மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் போட்டியிடும்போது, நியாயமானவை என நாம் கருதும் சில எளிய நிபந்தனைகளை ஒருங்கே நிறைவேற்றும் வரிசைமுறை எதுவும் இருக்கவியலாது என்பது அவர் நிறுவிய தேற்றம். ஆகவே எந்தக் குறையை ஏற்பது என்பதுதான் எஞ்சும் தெரிவு.

விருப்பவரிசை முறை தமிழுலகுக்கு அயலானதன்று. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல் இவ்வகையில்தான் நடைபெறுகின்றது. 1969இல் வி.வி. கிரிக்கு முதல் எண்ணிக்கையில் கிடைத்த வாக்கு மதிப்பு 401,515. நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு 313,548. வெற்றிக்கு 418,169 தேவைப்பட்டது. ஏனையோர் ஒவ்வொருவராக நீக்கப்பட்டு அடுத்த விருப்பங்கள் எண்ணப்பட்டபின் கிரி 420,077, ரெட்டி 405,427. தொடக்கத்தில் ஏறத்தாழ 88,000ஆக இருந்த இடைவெளி 15,000க்கும் கீழே சுருங்கியது என்பதைக் கவனிக்கவேண்டும். மூன்றாமவராக நின்ற சி.டி. தேஷ்முக்கின் ஆதரவாளர்களுள் பெரும்பாலோர் யாரை அடுத்து விரும்பினர் என்பதை அவ்வெண்கள் வெளிப்படுத்திவிட்டன. எளிய பெரும்பான்மை முறையில் அச்செய்தி புதைந்தே போயிருக்கும்.

இலங்கையின் நிகழ்வு இன்னும் அண்மையது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி அங்குச் சனாதிபதித் தேர்தலில் வாக்காளர் மூன்று விருப்பங்கள் வரை குறிக்கலாம். 2024 செப்டம்பர் 21இல் நடைபெற்ற தேர்தலில்தான் முதன்முறையாக எவரும் பாதியைத் தாண்டாமல் விருப்பு வாக்குகள் எண்ணப்படலாயின. அநுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காடும் சஜித் பிரேமதாச 32.76 விழுக்காடும் பெற்றிருந்தனர். இறுதியில் அநுரவுக்கு 55.89, சஜித்துக்கு 44.11 என அறிவிக்கப்பட்டது. இவ்விறுதி விழுக்காடுகளை அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது. ஏனைய வேட்பாளர்களுக்கு விழுந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் இவ்விருவருக்கும் விருப்பு வாக்காகச் சேர்ந்தவை 273,131 மட்டுமே. ஆகப் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வாக்குச்சீட்டுகள் வழியிலேயே நின்றுவிட்டன. வாக்காளர்கள் பழைய பழக்கத்தில் ஒரே குறியிட்டுத் திரும்பிவிட்டதே இதற்குக் காரணம் எனலாம். சட்டத்தில் ஒரு முறை இருப்பதும் மக்கள் அதனைக் கையாளக் கற்றிருப்பதும் வேறு வேறு. தமிழ் ஆசிரியர்களாகிய நாம் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

சிறுபான்மையினர்க்கு இவ்வகை முறைகளால் விளையும் பயன் யாது? 2022 மலேசியப் பொதுத்தேர்தலில் மூன்று பெரிய அணிகள் மோதிய தொகுதிகள் பல. பாதி வாக்குக்கும் குறைவாகப் பெற்று வென்றோர் பலர். அத்தகைய தொகுதியில் விருப்பவரிசை முறை இருந்திருப்பின், பத்து அல்லது பதினைந்து விழுக்காட்டு இந்திய வாக்காளரின் இரண்டாம் விருப்பத்தை வேட்பாளர் ஒவ்வொருவரும் தேடிவந்திருப்பர். இது செல்வாக்கு, மறுக்கத்தக்கதன்று. ஆனால் செல்வாக்கு வேறு, இடம் வேறு. ஓரிடத்துக்குரிய தேர்தல் எம்முறையில் நடந்தாலும் வெல்பவர் ஒருவரே. 15 விழுக்காட்டினர் தம் வாக்குகளால் மட்டும் அவ்விடத்தைப் பெறுவது எம்முறையிலும் இயலாது.

பீஜித்தீவு இதனை நன்கு உணர்த்தியது. 1997ஆம் ஆண்டு அரசியலமைப்பின்வழி அங்கு விருப்பவரிசை முறை கொண்டுவரப்பட்டது. இனங்களுக்கிடையே மிதவாதிகள் ஒருவர்க்கொருவர் விருப்பங்களைப் பரிமாறிக்கொள்வர் என்பது எதிர்பார்ப்பு. 1999 தேர்தலில் மகேந்திர சௌத்ரியின் தொழிற்கட்சி 71 இடங்களில் 37ஐ வென்றது. மிதவாதக் கூட்டணியில் நின்ற தேசியக் கூட்டமைப்புக் கட்சி, இந்தியர் வாக்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பெற்றும் ஓர் இடத்தைக்கூடப் பெறவில்லை. மறு ஆண்டு ஆட்சிக் கவிழ்ப்பு நேர்ந்ததற்கு வேறு காரணங்கள் பல உண்டு; எண்ணும் முறையின் தலையில் அதனைச் சுமத்துவது நேர்மையாகாது. ஆயினும் 2014 தேர்தலிலிருந்து பீஜி விகிதாசார முறைக்கு மாறியது குறிப்பிடத்தக்கது.

பலரைத் தெரிவு செய்தல்: கோலாலம்பூர், 1952

ஒரு தொகுதியிலிருந்து பலரைத் தெரிவு செய்யும் முறை நமக்குப் புதியதன்று. கோலாலம்பூரின் முதல் நகராண்மைக் கழகத் தேர்தலே அவ்வாறுதான் நடைபெற்றது. 1952 பிப்ரவரி 16ஆம் நாள், நான்கு தொகுதிகளில் தொகுதிக்கு மூவர் என மொத்தம் பன்னிரு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வாக்காளர் ஒருவர் மூன்று பெயர்கள் வரை குறிக்கலாம். மிகுதியான வாக்குகள் பெற்ற மூவர் வென்றவராவர். இதனைப் பல்வாக்கு முறை எனக் குறிப்போம்.

அத்தேர்தலில் டத்தோ ஓன் பின் ஜாஃபார் தொடங்கிய மலாயா சுதந்திரக் கட்சி இனங்கடந்த கட்சியாகக் களமிறங்கியது. ம.இ.கா. அப்போது அக்கட்சியையே ஆதரித்தது. எதிரே அம்னோவின் கோலாலம்பூர்க் கிளையும் எச்.எஸ். லீ தலைமையிலான சிலாங்கூர் ம.சீ.ச.வும் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் உடன்பாடு கண்டன. முடிவில் அக்கூட்டணிக்கு 9, சுதந்திரக் கட்சிக்கு 2, சுயேச்சைக்கு 1. கூட்டணி என்னும் அரசியல் வாய்பாடு இந்நாட்டில் பிறந்த நாள் அதுவென்று வரலாற்றாசிரியர் கூறுவர். அப்பிறப்பில் எண்ணும் முறைக்கும் பங்குண்டு என்பது நம் கருத்து. ஒரு வாக்காளரிடம் மூன்று வாக்குகள் இருக்கும்போது, தன் இனத்தவர்க்கும் வாக்களித்துக் கூட்டாளி இனத்தவர்க்கும் வாக்களிக்க அவரால் முடிகின்றது. உடன்பாடு கண்டோர்க்கு அது பொன்னான வாய்ப்பு. உடன்பாட்டுக்கு வெளியே நிற்போர்க்கு அதே முறை சுவராகின்றது.

அதனை எண்களில் காணலாம். மூவரைத் தெரிவு செய்யும் தொகுதியில் ஆயிரம் வாக்காளர். ஓர் அணிக்கு 550, மற்றோர் அணிக்கு 300, மூன்றாம் அணிக்கு 150 ஆதரவாளர் எனக் கொள்வோம். பல்வாக்கு முறையில் முதல் அணியின் வேட்பாளர் மூவரும் தலைக்கு 550 வாக்குகள் பெற்று மூன்று இடங்களையும் கைப்பற்றுவர். 450 பேர் வாக்களித்தும் அவர்களுக்கு ஓர் இடமும் இல்லை. பல உறுப்பினர் தொகுதி என்றாலே சிறுபான்மைக்கு நன்மை என்று எண்ணுவது தவறு. இம்முறை ஓரிடத் தொகுதியைக் காட்டிலும் கொடியதாகவும் அமையலாம்.

வி.வி. கிரியின் வாழ்விலேயே இதற்கொரு நிகழ்ச்சி உண்டு. 1957இல் அவர் பார்வதிபுரம் இரட்டை உறுப்பினர் தொகுதியில் நின்றார். ஓரிடம் பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டது, மற்றது பொது. முதலிரு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே பெற்றமையால், ஒருவர் ஒதுக்கீட்டு இடத்தையும் மற்றவர் பொது இடத்தையும் அடைந்தனர். கிரி 565 வாக்குகளில் தோற்றார். உச்ச நீதிமன்றம் வரை சென்றும் 1959இல் தீர்ப்பு அவருக்கு எதிராகவே அமைந்தது. இரட்டை உறுப்பினர் தொகுதிகள் 1961இல் ஒழிக்கப்பட்டன. ஒரு முறையால் மக்களவை இழந்தவர் மற்றொரு முறையால் குடியரசுத் தலைவரானார்.

இனி, மேற்கண்ட ஆயிரம் வாக்காளரையே வேறிரு முறைகளில் எண்ணுவோம். குவிப்பு வாக்கு முறையில் வாக்காளர் தம் மூன்று வாக்குகளையும் ஒருவருக்கே அளிக்கலாம். 300 பேர் தம் வாக்குகளைக் குவித்தால் அவர்களின் வேட்பாளருக்கு 900 கிடைக்கும். முதல் அணி தன் 1650 வாக்குகளை மூவருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 550. இருவருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 825. எவ்வாறாயினும் இரண்டாம் அணிக்கு ஓரிடம் உறுதி. ஒற்றை மாற்று வாக்கு முறையிலோ வாக்காளர்க்கு வாக்கு ஒன்றே. அதனை விருப்ப வரிசையில் குறிப்பர். வெற்றி வரம்பு, செல்லுபடியான வாக்குகளை இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வகுத்து, ஈவுடன் ஒன்று சேர்த்துப் பெறப்படும். ஆயிரத்தை நான்கால் வகுக்க 250, வரம்பு 251. ஒருவர் வரம்புக்கு மேல் பெற்ற மிகுதியும், நீக்கப்பட்டோரின் வாக்குகளும் அடுத்த விருப்பத்துக்கு மாற்றப்படும். இங்கும் முதல் அணிக்கு இரண்டு, இரண்டாம் அணிக்கு ஒன்று. தமிழ்நாட்டில் மாநிலங்களவைக்கு ஆறு இடங்கள் காலியாகும்போது ஓரிடத்துக்கு 34 சட்டமன்ற உறுப்பினர் தேவை என நாளேடுகள் எழுதுவது இக்கணக்கைக் கொண்டே. 234 உறுப்பினர்களை ஏழால் வகுத்துப் பாருங்கள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நடைமுறையில் பெரிது. குவிப்பு முறையில் கட்டுப்பாடு வேண்டும். இரண்டாம் அணி மூன்று வேட்பாளரை நிறுத்தி வாக்குகளைச் சிதறவிட்டால் தலைக்கு 300 மட்டுமே கிடைத்து அனைத்தும் வீணாகும். நம் இயக்கங்களின் ஒற்றுமையை நன்கறிந்தவர்களுக்கு இதன் அபாயத்தை விளக்கவேண்டியதில்லை. ஒற்றை மாற்று வாக்கில் மூவர் நின்றாலும் கவலையில்லை. பின்தங்கியவரின் வாக்குகள், வாக்காளர் அவ்வாறு வரிசைப்படுத்தியிருப்பின், முன்னிற்பவரிடம் வந்து சேரும்.

மலையகத்தின் பாடம்

குவிப்பு முறை எத்துணை வேறுபாட்டை விளைவிக்கும் என்பதற்கு இலங்கை மலையகத் தமிழரே சான்று. நம்மைப்போலவே தோட்டத் தொழிலுக்குப் பெயர்ந்த மக்கள் அவர்கள். 1947இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் அம்மக்கள் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்தனர். பின்னர்ச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் முதலியவற்றால் ஒரு பகுதியினர் மட்டுமே மீண்டும் வாக்காளராயினர். அவர்கள் எத்தொகுதியிலும் பெரும்பான்மையாக இல்லாத அந்நிலையில், 1977 தேர்தலில் நுவரெலியா–மஸ்கெலியா மூவர் தொகுதியாக அமைந்தது. வாக்காளர்க்கு மூன்று வாக்குகள். அவற்றை ஒருவருக்கே குவிக்கவும் சட்டம் இடமளித்தது. காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோரை அடுத்து மூன்றாமவராகத் தொண்டமான் வென்றார். அதே நிலப்பகுதி மூன்று தனித் தொகுதிகளாக இருந்திருப்பின், அல்லது பல்வாக்கு முறை இருந்திருப்பின், அவ்வெற்றி ஐயத்துக்குரியதே. 1989 முதல் நாடாளுமன்றத் தேர்தல் மாவட்ட அளவிலான விகிதாசார முறைக்கு மாறியபின் மலையகத் தமிழர் நுவரெலியாவிலிருந்து தொடர்ந்து உறுப்பினர்களை அனுப்பிவருகின்றனர். ஒரே கட்சி வேட்பாளர்கள் விருப்பு வாக்குகளுக்காகத் தமக்குள் மோதிக்கொள்ளும் கேடும் அம்முறையுடன் வந்து சேர்ந்தது.

நம் அண்டை நாடான சிங்கப்பூர் 1988இல் வேறு வழியைத் தெரிந்தெடுத்தது. குழுத்தொகுதிகளில் கட்சிகள் அணியாகப் போட்டியிடும். அணியில் ஒருவரேனும் சிறுபான்மை இனத்தவராக இருத்தல்வேண்டும். வென்ற அணி இடங்கள் அனைத்தையும் பெறும். இந்தியர் முகம் நாடாளுமன்றத்தில் இருப்பதை இது உறுதிசெய்கின்றது. அம்முகம் எது என்பதை இந்திய வாக்காளர் தெரிவு செய்ய வழியில்லை. கட்சித் தலைமை தெரிவு செய்வதை மொத்தமாக ஏற்கலாம் அல்லது மொத்தமாக மறுக்கலாம்.

மலேசியாவில் நாம் கண்டுவருவதும் இதன் மற்றொரு வடிவமே. 1955இல் வாக்காளருள் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த இந்தியர்க்கு, 52 இடங்களில் இரண்டைக் கூட்டணி ஒதுக்கியது, இரண்டிலும் வெற்றி. கூட்டாளிகள் வாக்குகளை மாற்றித் தந்தமையால் அது கைகூடியது. அவ்வேற்பாட்டின் நன்மையைக் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று. ஆனால் தந்தது வாக்கன்று, உடன்பாடு. உடன்பாடு தளர்ந்தபோது என்ன நிகழ்ந்தது என்பதை ம.இ.கா.வின் நாடாளுமன்ற இடங்கள் கூறும்: 2004இல் 9, 2008இல் 3, 2013இல் 4, 2018இல் 2, 2022இல் 1. எதிரணிகளிலிருந்து இந்தியர் பலர் வென்றதும் உண்மை. கிள்ளான் நாடாளுமன்றத் தொகுதியே 2008 முதல் அதற்குச் சான்று. அவர்களும் தத்தம் அணி ஒதுக்கும் தொகுதியையும் பிற இனத்தாரின் வாக்கையும் நம்பியே நிற்கின்றனர்.

இச்சிக்கல் சிறுபான்மையினர்க்கு மட்டும் உரியதன்று. 2013இல் மக்கள் கூட்டணி 50.87 விழுக்காட்டு வாக்குகள் பெற்று 89 இடங்களையும், தேசிய முன்னணி 47.38 விழுக்காடு பெற்று 133 இடங்களையும் அடைந்தன. தொகுதிகளின் அளவு வேறுபாடும் இதற்கு ஒரு காரணம். 2022இல் சிலாங்கூரின் பாங்கித் தொகுதியில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர். சரவாக்கின் இகான் தொகுதியில் முப்பதாயிரத்துக்கும் குறைவு. பல உறுப்பினர் தொகுதிகளில் இக்குறையைக் களைவது எளிது. எல்லையை மாற்றாமல் உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டலாம்.

கிள்ளானில் ஒரு கணக்கு

நாடாளுமன்றத் தேர்தல் முறையை மாற்றுவது அண்மையில் நிகழக்கூடியதாகத் தோன்றவில்லை. ஊராட்சி மன்றங்களின் நிலை வேறு. கோலாலம்பூரில் 1952இல் தொடங்கிய தேர்தல், 1960ஆம் ஆண்டுக் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. அந்நகராண்மைக் கழகத்துக்கு 1952இல் தேர்வான தேவகி கிருஷ்ணன், மக்கள் வாக்கால் பொறுப்பேற்ற மலாயாவின் முதல் பெண்மணியாகப் போற்றப்படுபவர். நாட்டின் பிற ஊர்களிலும் 1965இல் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. இது குறித்து ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், செனட்டர் டத்தோ ஆதி நாகப்பன். ஊராட்சித் தேர்தல் தொடரவேண்டும் என்றே அவ்வாணையம் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைபெறச் செய்தது. பினாங்கு மாநிலம் 2012இல் தேர்தலை மீட்கச் சட்டம் இயற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது.

தேர்தல் மீண்டால் சிறுபான்மையினர் காணாமற்போவர் என்ற அச்சம் அவ்வப்போது எழுப்பப்படுகின்றது. அச்சம் பொய்யன்று, ஆனால் அது தேர்தலைக் குறித்ததன்று, எண்ணும் முறையைக் குறித்தது. 2024 பிப்ரவரியில் அரச மாநகராட்சியாக உயர்ந்த கிள்ளானை எடுத்துக்கொள்வோம். சட்டப்படி ஊராட்சி மன்றத்தில் உறுப்பினர் 24 பேர் வரை இருக்கலாம். கணக்குக்காக, வாக்காளருள் ஐந்தில் ஒரு பங்கினர் ஒரு சிறுபான்மையினர் என்றும், நகரெங்கும் சமமாகப் பரவியிருக்கின்றனர் என்றும், தமக்குரியவரையே முதலில் விரும்புகின்றனர் என்றும் வைத்துக்கொள்வோம். 24 ஓரிடத் தொகுதிகள் அமைத்தால் அவர்கள் தம் வாக்கால் மட்டும் பெறத்தக்க இடம் எதுவுமில்லை. விருப்பவரிசை முறையானாலும் அதுவே நிலை. பல்வாக்கு முறையில் நான்கு பெருந்தொகுதிகள் அமைத்தாலும் எதுவுமில்லை. ஒற்றை மாற்று வாக்கு முறையில் மூவர் கொண்ட எட்டுத் தொகுதிகள் அமைத்தால் வெற்றி வரம்பு நான்கில் ஒன்று, அதாவது 25 விழுக்காடு. ஐந்தில் ஒரு பங்கினர்க்கு அது எட்டாது, பிறரின் அடுத்த விருப்பங்களை நம்பியிருக்க வேண்டும். அதே முறையில் அறுவர் கொண்ட நான்கு தொகுதிகள் அமைத்தால் வரம்பு ஏழில் ஒன்று, ஏறத்தாழ 14.3 விழுக்காடு. தொகுதிக்கு ஒன்றாக நான்கு இடங்கள் உறுதி.

ஒற்றை மாற்று வாக்கு முறையை ஏற்றுக்கொண்டோம் என்று மகிழ்ந்து, தொகுதியின் அளவைச் சிறிதாக்கிவிட்டால் கொடுத்த கை எடுத்த கையாகிவிடும். அயர்லாந்தில் மூவர் தொகுதியா ஐவர் தொகுதியா என்பது பற்றி ஓயாது விவாதம் நிகழ்வது இதனால்தான்.

இக்கணக்கில் 'சிறுபான்மையினர்' என்ற இடத்தில் இந்தியர் என்று மட்டும் பொருத்திப் பார்க்கவேண்டியதில்லை. அடுக்குமாடி வீட்டு மக்கள், கடற்கரையோர மீனவர், வெள்ளத்தால் அடிக்கடி இடருறும் குடியிருப்பினர் என ஏழில் ஒரு பங்கினர் எவர் ஒன்றுபட்டாலும் அவர்க்கு ஓரிடம் உண்டு. இந்தியர் ஒரே நிரையாக வாக்களிக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இன ஒதுக்கீட்டைவிடவும் சிங்கப்பூரின் குழுத்தொகுதியைவிடவும் இம்முறையை நாம் உயர்வாக மதிப்பதற்கு இதுவே காரணம்: வாக்காளரின் பிறப்பைச் சட்டம் கேட்பதில்லை, அவர் யாரோடு சேர்ந்து நிற்க விரும்புகிறார் என்பதை அவரே தம் வாக்குச்சீட்டில் 1, 2, 3 என எழுதிச் சொல்லுகின்றார்.